நாற்பத்தெட்டுப் பேர், பன்னிரண்டு மேசைகள்: ஒரு சந்திப்பைப் பிரித்து மீண்டும் பூட்டிய பதிவு

வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு இணையம் வழியாகவே சேர்ந்து வேலை செய்யும் ஒரு தன்னார்வலர் குழுவின் ஆண்டுச் சந்திப்பைத் திருத்தியமைக்கும் பொறுப்பு எங்களில் சிலருக்குத் தரப்பட்டிருந்தது. குழுவில் நான்கு பிரிவுகள் உண்டு. பிரிவுக்குப் பன்னிரண்டு பேர். ஒரே பிரிவினர் ஒருவரையொருவர் நன்கு அறிவார்கள். மற்றப் பிரிவினரோ அவர்களுக்குத் திரையில் தோன்றும் பெயர்கள் மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்பவே ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் நேரில் கூடுவது வழக்கமாகி இருந்தது. வரவேற்புரை, ஆண்டறிக்கை, பாராட்டு, குழுப் படம், நன்றியுரை என்று அது ஒழுங்காகவே நடந்துவந்தது; நிரலின் கடைசியில் கலந்துரையாடல் என்ற பெயரில் அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டும் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் எல்லாரும் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு நின்று பேசிவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள்.

இதை வந்தவர்களின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை. பால் இங்கிராம், மைக்கேல் மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ நூறு தொழில்துறையினர் கூடிய ஒரு மாலைச் சந்திப்பில் யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்று பேசினார்கள் என்பதை அவர்கள் அணிந்திருந்த மின்னணுக் கருவிகள் பதிவு செய்தன. புதியவர்களைச் சந்திப்பதே நோக்கம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தவர்களும் பழைய அறிமுகங்களின் பக்கமே சாய்ந்தார்கள். விருப்பம் இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், விருப்பத்தைத் தூண்டும் பேச்சை மேடையில் இன்னும் பத்து நிமிடம் நீட்டி என்ன ஆகப்போகிறது? எனவே மனப்பான்மையைப் பற்றிய விவாதத்தை ஒதுக்கிவிட்டு, கைக்கு எட்டுகின்ற பொருள்களை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம்: கூடத்தின் சத்தம், நாற்காலிகளின் தூரம், யார் யாரோடு உட்கார்வது, கேள்விகளின் வரிசை, கடைசிக் கால் மணி நேரம்.

வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்பதையும் முதலிலேயே எழுதி வைத்தோம். அன்று மாலை முகங்கள் மலர்ந்திருப்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் கழித்து, வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரை வேலைக் காரணம் இல்லாமல் நீங்களாகத் தொடர்புகொண்டீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது, அதற்கு வரும் பதிலையே கணக்கில் கொள்வது.

கூடத்தின் முழக்கம்

கூடம் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். தரை கல், சுவரும் கூரையும் வழவழப்பான பூச்சு. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டியதிலேயே இந்த வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தட்டிய ஓசை உடனே அடங்காமல் கூரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட கூடத்தில் மேடையிலிருந்து ஒருவர் மெதுவாகப் பேசினால் சமாளித்துவிடலாம். பன்னிரண்டு மேசைகளில் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசும்போது நிலைமை வேறு. பின்னணிச் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே விளக்கியிருக்கிறார். ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசைக்கு அது பின்னணிச் சத்தமாகிறது. அங்கும் குரல் உயர்கிறது. கால் மணி நேரத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள். கத்திச் சொல்லக்கூடிய செய்திகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் தன் தயக்கத்தையோ இழப்பையோ கத்திச் சொல்லமாட்டார்.

எதிர்முழக்க நேரத்தை, அதாவது எழுந்த ஓசை அடங்க எடுக்கும் நேரத்தை, கணக்கிட இயற்பியலாளர் வாலஸ் சபைன் கண்ட சூத்திரம் மிக எளியது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் மொத்தப் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது விழுங்கும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். அவருக்கும் வேலை ஒரு பழுதான கூடத்திலிருந்துதான் தொடங்கியது; 1895-இல், ஹார்வர்டில் பேச்சு ஐந்து நொடிக்கும் மேலாகத் தேங்கி நின்ற ஒரு விரிவுரைக் கூடத்தில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்து பார்த்திருக்கிறார். எங்கள் கூடத்தின் கன அளவு 432 கன மீட்டர். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 384 சதுர மீட்டர். கல்லும் பூச்சும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கே விழுங்கும் என்று கொண்டால், வெற்றுக் கூடத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 6 நொடி. நாற்பத்தெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களின் உடலும் உடையுமே ஒலியை நன்றாக விழுங்கும், விழுங்கும் பரப்பு ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று வைத்தால் நேரம் 2.1 நொடியாகக் குறைகிறது. பேச்சுக்கு அதுவும் மிகுதி. தடித்த திரைச்சீலை 60 சதுர மீட்டர் சேர்த்தால் 1.1 நொடிக்கு வந்துவிடுகிறது.

ஆகவே அலங்காரத்திற்கென்று ஒதுக்கியிருந்த முழுத் தொகையும் திரைச்சீலைக்குப் போயிற்று. துணியைத் தட்டையாக விரித்துக் கட்டாமல், நிறைய மடிப்பு விழும்படியும், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட்டும் தொங்கவிட்டோம். இடைவெளி இருந்தால்தான் தாழ்ந்த குரல்களின் ஓசையையும் துணி ஓரளவு தாங்கிக்கொள்ளும். கணக்குப்படி கூடத்தில் தேங்கும் சத்தம் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறைய வேண்டும். கேட்பதற்கு அதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. சத்தம் சற்றுக் குறைந்ததும் மக்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், முன்பு சொன்ன சங்கிலி இந்தத் திசையிலும் இழுக்கும். பின்னணி இசையை முழுவதுமாக நீக்கினோம். சூழல் இனிமையாக இருக்கும் என்று அதற்காக வாதிட்டவர்கள் இருந்தார்கள். பேச வந்தவர்களின் காதில் இன்னொரு குரலைப் போடுவது எனக்கு எப்போதுமே புரியாத ஏற்பாடு.

மேசையும் தூரமும்

கூடத்தில் ஏற்கெனவே இருந்தவை பத்துப் பேர் அமரும் வட்டமேசைகள், குறுக்களவு 180 செ.மீ. அந்த மேசையில் எதிரே இருப்பவரின் முகம் நம் முகத்திலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேலே விலகியிருக்கும். மானிடவியலாளர் எட்வர்டு ஹால் வகுத்த தூர அளவுகளின்படி 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை நண்பர்கள் பேசிக்கொள்ளும் தூரம்; அதற்கு அப்பால் 3.6 மீட்டர் வரை அலுவல் பேசும் தூரம். பெரிய வட்டமேசையில் எதிரே இருப்பவர் அலுவல் தூரத்தில் இருக்கிறார். பேசக் கிடைப்பவர்கள் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் மட்டுமே. அந்த இருவரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டால் நடுவில் இருப்பவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு மாற்றாக 75 செ.மீ. சதுர மேசைகளைக் கொண்டுவந்து, மேசைக்கு நால்வர் என்று அமைத்தோம். நான்கு என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. ராபின் டன்பாரும் உடனாய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட கவனிப்புகளில், தாமாகச் சேரும் பேச்சுக் குழுக்கள் நால்வருக்கு மேல் நிலைப்பதில்லை என்று கண்டார்கள். ஐந்தாமவர் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிளக்கத் தொடங்கிவிடுகிறது. சதுர மேசையில் இன்னொரு நன்மையும் உண்டு. மேசையின் மூலையை நடுவில் வைத்துச் செங்கோணத்தில் அமர்ந்திருப்பவர்கள், நேருக்கு நேர் அமர்ந்திருப்பவர்களைவிட அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் ராபர்ட் சோமர் 1950-களின் இறுதியில் கவனித்தார். பார்க்க விரும்பினால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் பார்வையைச் சற்று விலக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது; நேரெதிரே இருப்பவரிடமிருந்து கண்ணை எடுத்தால் அது ஒரு செய்தியாகிவிடும். நால்வர் சதுரத்தில் ஒவ்வொருவருக்கும் மூலைத் துணைவர் இருவர், எதிர்த் துணைவர் ஒருவர்.

பன்னிரண்டு மேசைகளைக் கூடத்தில் பரப்பினால் மேசைக்கு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடம் கிடைத்தது. நாற்காலிகளோடு ஒரு குழு இரண்டு மீட்டர் அகலத்தை எடுத்துக்கொள்ள, குழுக்களுக்கிடையே ஒரு மீட்டர் மிஞ்சியது; சக்கர நாற்காலி கடக்க 90 செ.மீ. வேண்டும் என்பதால் அந்த ஒரு மீட்டரை எங்கும் குறையவிடவில்லை. காது மந்தமாக உள்ளவர்களுக்குச் சுவருக்கு முதுகு காட்டிய இருக்கையைத் தனியே குறித்து வைத்தோம். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் பின்தொடர்பவர்களுக்குப் பேசுகிறவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஆகவே எந்த நாற்காலியும் சன்னலுக்கு முதுகு காட்டாதபடி மேசைகளைத் திருப்பிப் போட்டோம்.

யார் யாரோடு

மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தோம். பன்னிரண்டு நிமிடச் சுற்று முன்னோட்டத்தில் ஒத்துவரவில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது தன்னை அறிமுகம் செய்துகொள்வதோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வருவதுதான் நமக்கு வேண்டியது. இருபது நிமிடத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

ஒரு முறை சேர்ந்து அமர்ந்தவர்கள் மறுமுறை சேராமல், நாற்பத்தெட்டுப் பேரையும் மூன்று முறை மாற்றி அமர்த்துவது எப்படி என்பதில்தான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கிடைத்தது. சீட்டுக் குலுக்கினால் ஒருவர் பழைய முகத்தையே மீண்டும் காண நேரும். பெரிய அட்டவணையை எழுதி ஆளாளுக்குக் கொடுத்தால் கூடம் முழுவதும் தாளைப் பார்த்துக்கொண்டு அலைவார்கள். கடைசியில் வழி இப்படி அமைந்தது. ஒவ்வொரு மேசையின் நான்கு இருக்கைகளுக்கும் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகள். சுற்று முடிந்ததும் 'அ' எழுந்திருக்க வேண்டியதில்லை. 'ஆ' அடுத்த மேசைக்குப் போவார். 'இ' இரண்டு மேசை தள்ளிப் போவார். 'ஈ' மூன்று மேசை தள்ளிப் போவார். பன்னிரண்டாம் மேசைக்குப் பிறகு மீண்டும் முதல் மேசை. எல்லாரும் தம் எழுத்தையே மறு மேசையிலும் தேடி உட்கார்வார்கள். நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஓர் எண்.

இதில் இருவர் மீண்டும் சந்திக்க வேண்டுமானால், அவர்களின் நகர்வு வேறுபாட்டையும் சுற்று வேறுபாட்டையும் பெருக்கி வரும் எண் பன்னிரண்டால் மீதியின்றி வகுபட வேண்டும். நகர்வு வேறுபாடு மூன்றைத் தாண்டாது. மூன்று சுற்றுகளில் சுற்று வேறுபாடு இரண்டைத் தாண்டாது. ஆகவே பெருக்கல் ஆறைத் தாண்டாது, பன்னிரண்டை எட்ட வழியே இல்லை. நான்கு சுற்று வைத்தாலும் ஒன்பதுதான். ஐந்தாம் சுற்றில் மூன்றையும் நான்கையும் பெருக்கிப் பன்னிரண்டு வந்துவிடுவதால், முதல் சுற்றில் ஒரே மேசையில் இருந்த 'அ'வும் 'ஈ'யும் மறுபடி சந்திப்பார்கள். நான்கு சுற்றுக்கு மேல் வேண்டுபவர்கள் மேசைகளைப் பதினொன்றாகவோ பதின்மூன்றாகவோ வைத்துக்கொள்ளலாம். அவை பகா எண்கள் என்பதால் எல்லா மேசைகளையும் ஒருமுறை சுற்றி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை சந்திக்கமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய பயன் வேறொன்று. ஒரே எழுத்துக்காரர்கள் எந்தச் சுற்றிலும் ஒரே மேசைக்கு வரமாட்டார்கள். எங்களுக்கு நான்கு பிரிவுகள், நான்கு எழுத்துகள். பிரிவுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்ததும், "தெரிந்தவர்களோடு உட்காராதீர்கள்" என்று யாரிடமும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒவ்வொருவரும் மூன்று சுற்றில் வேறு பிரிவுகளைச் சேர்ந்த ஒன்பது பேரோடு பேசி முடிப்பார்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு மட்டும், எந்தப் பிரிவாக இருந்தாலும் 'அ' இருக்கையைக் கொடுத்து, அந்த இடத்துக்குரியவரை அவர்கள் எழுத்துக்கு மாற்றினோம். யாராவது வராமல் போனால் ஒரு மேசையில் மூவர் இருப்பார்கள், அதில் கேடில்லை. ஐந்தாவது நாற்காலியை மட்டும் எங்கும் போடவிடவில்லை.

கேள்வி அட்டைகள்

ஆர்தர் ஆரன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும்: அறிமுகமில்லாத இருவர் முப்பத்தாறு கேள்விகளை, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தொகுதிகளில், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் மாறி மாறிக் கேட்டுப் பதில் சொன்னார்கள். சாதாரணப் பேச்சுக் கேள்விகள் தரப்பட்ட இணைகளைவிட இவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கியதாக உணர்ந்தார்கள். அந்தக் கேள்விகளை அப்படியே எடுத்து அச்சிட்டுப் பரப்பும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: கேள்விகள் படிப்படியாக ஆழமாகின்றன; கேட்டவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒருவர் மட்டும் மனம் திறந்து மற்றவர் தலையாட்டிக்கொண்டிருந்தால் அது விசாரணையாகிவிடும்.

நாங்கள் எழுதிய அட்டைகளை முன்கூட்டியே இருவர் இருவராக அமர்ந்து சோதித்தோம். ஒரே வாக்கியத்தில் பதில் முடிந்துபோன அட்டையை நீக்கினோம். ஏற்கெனவே பலமுறை சொல்லி மெருகேறிய பதிலை வரவழைத்த அட்டையையும் நீக்கினோம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது இவ்வகையில் மிக மோசமானது, வேலைக்கு விண்ணப்பிப்பவரின் குறிப்புதான் வாயிலிருந்து வரும். "உங்கள் பெரிய அச்சம் எது?" என்பது போன்றவை முதல் பத்து நிமிடத்தில் கேட்கப்பட்டால் ஆளை உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கின்றன. எஞ்சியவற்றில் முதல் சுற்றுக்கு, "உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்தும் யாரும் உங்களிடம் கேட்காத வேலை எது?" என்பது மிகவும் கைகொடுத்தது. சிலர் சிரித்துக்கொண்டே தொடங்கி, தம் பிரிவில் பல ஆண்டுகளாகப் பழகியவர்களுக்கும் தெரியாத திறமைகளைச் சொன்னார்கள். இரண்டாம் சுற்றுக்கு, "அண்மையில் எதைப் பற்றி உங்கள் கருத்து மாறியது, மாற்றியவர் யார்?" மூன்றாம் சுற்றுக்கு, "நன்றி சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்." மேசைக்கு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று அட்டைகள், பிடிக்காததைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அட்டையின் பின்புறத்தில் ஒரே ஒரு விதியை அச்சிட்டோம்: ஒருவர் பேசி முடித்ததும், மற்றவர்கள் தம் கதையைத் தொடங்கும் முன், அவர் சொன்னதிலிருந்தே குறைந்தது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். தொடர் கேள்வி கேட்பவர்களை மற்றவர்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்பதைக் கேரன் ஹுவாங் முதலானோர் 2017-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் விதி வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழுவில் ஒருவர் ஒரு நிகழ்வைச் சொன்னதும் அதைப் போன்றே எனக்கும் நடந்தது என்று அடுத்தவர் பிடித்துக்கொள்வது பொதுவாக நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது, இருந்தும் முதலில் சொன்னவரின் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. விதி அச்சில் இருந்ததால், "இன்னும் இரண்டு கேள்வி பாக்கி" என்று யாராவது நினைவூட்டுவதும் எளிதாயிற்று. மேசைத் தலைவர் என்று யாரையும் வைக்கவில்லை; வைத்தால் மற்ற மூவரும் அவரிடமே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சுற்றை முடிக்கும் குறிப்பாக மணி அடிக்காமல், இரண்டு நிமிடத்துக்கு முன் விளக்குகளைச் சற்று மங்கலாக்கி, நேரம் முடிந்ததும் பழைய அளவுக்கு உயர்த்தினோம். எப்போது முடிப்பது என்ற பொறுப்பைப் பேசுகிறவர்களின் தோளிலிருந்து இறக்கிவைப்பது பெரிய உதவி. ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினரின் 2021 ஆய்வின்படி, இருவர் பேச்சு இருவரும் விரும்பிய வேளையில் முடிவது மிக அரிது. மற்றவர் போக விரும்புகிறாரா, தொடர விரும்புகிறாரா என்பதை ஊகிப்பதில் நாம் அவ்வளவு தவறிவிடுகிறோம்.

கைவேலை அரை மணி

இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவில், முகம் பார்த்துப் பேசிக் களைத்தவர்களுக்குக் கைக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்தோம். என்ன வேலை என்பதில் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. புதிர், வினாடி வினா போன்றவற்றில் வேகமானவர் ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். போட்டி வைத்தால் பேச்சு நின்று வேலை மட்டும் நடக்கிறது. குறிப்பேடு தைப்பது போன்ற தனிக் கைவேலையில் ஒவ்வொருவரும் தம் மடியைப் பார்த்துக் குனிந்துவிடுகிறார்கள். ஒருவரால் மட்டும் முடிக்க முடியாததாகவும், திறமை வேறுபாடு பெரிதாகத் தெரியாததாகவும், கைக்கு வேலை கொடுத்து வாயைப் பேச்சுக்கு விடுவதாகவும், முடித்த பொருள் உண்மையாகவே தேவைப்படுவதாகவும் ஒரு வேலை வேண்டும்.

குழுவின் நூலகத்துக்குப் புத்தக அடுக்குகள் தேவைப்பட்டன. அளவுப்படி அறுத்துத் துளையிட்ட பலகைகளை மேசைக்கு ஓர் அடுக்கு வீதம் வாங்கி வைத்தோம். பக்கப் பலகையை ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் திருகாணியை முடுக்க முடியாது. குறுக்குப் பலகை நேராக இருக்கிறதா என்று மூன்றாமவர் தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். மின்விசைத் துளைக்கருவியை வேண்டுமென்றே தவிர்த்துக் கைத் திருப்புளிகளையே கொடுத்தோம், முன்னது வந்தால் திரைச்சீலைக்குப் பட்ட பாடெல்லாம் வீண். இரண்டாம் சுற்று நால்வரே வேலையிலும் சேர்ந்திருந்தார்கள். அட்டையில் தொடங்கிய பேச்சு பலகையைப் பிடித்தபடி தொடர்ந்தது.

வெறுமனே ஒரே இடத்தில் இருக்கவைப்பதற்கும் ஒரே வேலையில் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை முசாபர் ஷெரீப் 1954-இல் ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் முகாமில் சிறுவர்களிடம் நடத்திய சோதனை காட்டியது. பகைமூட்டப்பட்ட இரு குழுக்களைச் சேர்த்து உட்காரவைத்தபோது சண்டைதான் வளர்ந்தது. இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே முடியும் வேலைகளை வரிசையாகக் கொடுத்தபோது பகை குறைந்தது. சிறுவர்களை ஏமாற்றி நடத்திய அந்தச் சோதனையின் முறை மீது எனக்கு மரியாதை இல்லை, ஆயினும் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த முடிவை மறக்க முடியவில்லை.

வேலைக்குப் பிறகு கால் மணி நேர ஓய்வு விட்டோம். ஓய்வில் பலர் தம் பழைய நண்பர்களிடமே திரும்பினார்கள். அதைத் தடுக்க எண்ணவில்லை. அறிமுகமில்லாதவர்களோடு தொடர்ந்து பேசுவது உழைப்பு, மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பேசவே விரும்பாதவர்களுக்கென்று பக்கத்து அறையில் சில நாற்காலிகள் இருந்தன. அங்கே போனவர்களை யாரும் அழைத்துவரக் கூடாது என்பது ஏற்பாடு.

வாசல்

சீக்கிரம் வந்துவிடுபவருக்குத்தான் கூடத்தில் மிகுந்த சங்கடம். அவர்களுக்காகச் சில வேலைகளை முடிக்காமலே வைத்திருந்தோம்: நாற்காலி போடுவது, அட்டைகளை அடுக்குவது, திரைச்சீலையின் மடிப்பைச் சரிசெய்வது. உள்ளே நுழைந்ததும் ஒரு வேலை கையில் கிடைத்தால், யார் பக்கத்தில் போய் நிற்பது என்ற கேள்வி எழுவதில்லை. பெயர் அட்டையில் பதவியையும் பிரிவையும் எடுத்துவிட்டு, பெயரை மட்டும் இரண்டு மீட்டர் தள்ளியும் படிக்கும்படி பெரிதாக அச்சிட்டோம். கயிற்றில் தொங்கும் அட்டை எப்படியும் திரும்பிக்கொள்ளும், ஆகவே இருபுறமும் பெயர். கயிற்றைக் குட்டையாக்கியதால் படிக்கும் கண் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கடைசிக் கால் மணி

நன்றியுரை, அறிவிப்புகள், குழுப் படம் மூன்றையும் ஓய்வு நேரத்துக்கு முன்னால் நகர்த்தினோம். நிகழ்ச்சி எப்படி முடிகிறது என்பது அதைப் பற்றிய நினைவில் மிகுந்த எடை பெறுகிறது. டேனியல் கானமன் முதலானோர் 1993-இல் வெளியிட்ட சோதனையில், 14 டிகிரிக் குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைப்பது ஒன்று. அதே 60 நொடிக்குப் பிறகு கையை எடுக்காமல், நீர் மெல்ல 15 டிகிரிக்கு உயரும் இன்னொரு 30 நொடி வைத்திருப்பது மற்றொன்று. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். இனிமேல் செய்ய வேண்டியவை பற்றிய அறிவிப்பு ஒரு மாலையின் கடைசி ஓசையாக இருப்பதை அனுமதிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்ற இதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன வைப்பது என்பதற்கு எரிக்கா பூத்பி குழுவினர் 2018-இல் கண்டது வழிகாட்டியது. முதல் உரையாடலுக்குப் பிறகு, எதிரிலிருந்தவர் தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நான் மட்டும் அதிகம் பேசிவிட்டேனோ, அவருக்குச் சலித்துவிட்டதோ என்ற எண்ணத்தோடு வெளியேறுபவர் மறுபடி தொடர்புகொள்ளத் தயங்குவார். இத்தனை ஏற்பாடும் அந்தத் தயக்கத்தில் வீணாகும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய அட்டை கொடுத்து, கடைசி மேசையில் தம் இடப்பக்கம் இருப்பவர் சொன்னதில் எது மனதில் நின்றது என்று இரண்டு வரி எழுதிக் கையில் கொடுக்கச் சொன்னோம். விருப்பமானவருக்கு எழுதலாம் என்று விட்டிருந்தால் சிலருக்கு ஐந்து அட்டை வரும், சிலருக்கு ஒன்றும் வராது. இடப்பக்கம் என்று வகுத்ததால் எல்லாருக்கும் நிச்சயமாக ஒன்று. அதற்கு மேல் எழுத விரும்பியவர்களுக்காக வாசலில் கூடுதல் அட்டைகள் இருந்தன, அவையும் தீர்ந்துபோயின. தொலைபேசி எண்களைத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்பும் பழைய வழக்கத்தை நிறுத்தி, தர விரும்புபவர் தாமே அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும் என்று விட்டோம்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது

பெரும்பாலோர் வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரையாவது தாமாகத் தொடர்புகொண்டிருந்தார்கள். யாரைத் தொடர்புகொண்டார்கள் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: புத்தக அடுக்கைச் சேர்ந்து பூட்டியவர்களிடையே தொடர்பு அதிகம், முதல் சுற்றில் சந்தித்தவர்களிடையே மிகக் குறைவு. முதல் சுற்றின் கேள்விகள் இலேசானவை என்பதாலா, அந்த நால்வருக்குச் சேர்ந்து செலவிட்ட நேரம் குறைவு என்பதாலா என்று இந்த அமைப்பை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அடுத்த சந்திப்பில் கைவேலையை முதல் சுற்றை ஒட்டி வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று ஓரளவு புலப்படும்.

அட்டைகளைப் பற்றிய முறையீடு ஒன்றும் வந்தது. குறைவாகப் பேசுபவர்களில் சிலர், தம் முறை வரும்போது மூன்று முகங்கள் காத்திருப்பதே பாரமாக இருந்தது என்றார்கள். அவர்களுக்காக ஒரு சுற்றை நால்வராக அன்றி மேசையின் மூலைத் துணைவர் இருவர் இருவராகத் தொடங்கி, பத்தாம் நிமிடத்தில் நால்வராகச் சேர்ப்பது என்று திட்டமிட்டிருக்கிறோம். இருக்கை எழுத்துகளை மாற்ற வேண்டியதில்லை, 'அ' 'ஆ'வோடும் 'இ' 'ஈ'யோடும் தொடங்கினால் போதும். அடுத்த முறை ஐம்பத்திரண்டு பேர் வருவார்கள் என்று தெரிகிறது. பதின்மூன்றாம் மேசைக்கு இடம் வேண்டும் என்பதால் மேடையைக் கழற்றி எடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம். அது நின்ற இடத்துச் சுவருக்கு இன்னும் இரண்டு திரைச்சீலைகள் தேவைப்படும்.